உங்களுக்கென்று எடுத்து வைத்தது

நீல ஏப்ரனும் வலைத் தொப்பியும் பெரியக்காவுக்கு இத்தனை பாந்தமாக இருக்கும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டாள். தம்பி பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரியையே அக்காதான் நடத்துகிறாள் என்று பேஷண்ட்டுகள் நினைத்துவிடப் போகிறார்கள் என்று கிண்டல் செய்தான். பெரியக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. இரண்டையும் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெரியக்காவை வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று போன வாரம் அந்த வீட்டில் நடந்த களேபரம் கொஞ்சநஞ்சமல்ல. படுத்த படுக்கையாகக் கிடந்த தகப்பனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள். அதற்குள் கல்யாண வயது அவளைக் கேட்காமலே தாண்டிப் போய்விட்டது. அவர் போனதும் இரண்டு பைகளோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து சமையலறை, மொட்டை மாடி, மறுபடியும் சமையலறை. நானும் நாலு மனுஷர்களைப் பார்க்கிறேனே என்று அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பி தாம்தூம் என்று குதித்தான். கடைசியில் அவன் மனைவிதான் குறுக்கே வந்து, எங்கள் சமையலறையிலேயே ஒரு இடம் காலியாக இருக்கிறது, நான் பேசுகிறேன் என்று வாயை அடைத்தாள்.

மனைவி ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சூபர்வைசர். அங்கே எல்லோருக்கும் அவள் மேடம். கணவன் கேலிக்கு வீட்டிலும் அப்படியே கூப்பிடத் தொடங்க, பால்காரர்வரை அதுவே நிலைத்துவிட்டது. நமக்கும் அவள் மேடமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை இன்னொருத்தியின் பின்னால் வண்டி தள்ளிப் பழகிய பெரியக்காவுக்கு இன்றைக்குத்தான் மூன்றாவது மாடி முழுக்கத் தனிப் பொறுப்பு. பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். எந்த அறைக்குச் சர்க்கரை கூடாது, எந்த அறைக்கு உப்பு கூடாது, எல்லாம் மனப்பாடம். கடைசி அறைப் பெரியவரைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். அவரைப் பார்க்க ஒரு ஈ காக்கை வருவதில்லை. கொண்டு போகிற தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது.

"சூப்ப மோந்து பாத்துட்டு வச்சிடறார்மா. ஒரு பேச்சு கிடையாது. ஜன்னலப் பாத்துக்கிட்டே கெடக்கார். எங்கப்பாவாவது திட்டுவார்."

மேடம் 'உம்' கொட்டினாள். அவள் மனசு காய்கறி வண்டியில் இருந்தது. நேற்று வந்த தக்காளியில் பாதி அழுகல், இன்றைக்கும் அப்படி வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெரியவரைப் பற்றி அண்ணி சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதிக்கும் அவள் பதில் சொல்லவில்லை. பின்னால் அதை நினைத்து நினைத்து அவள் மருகப் போகிறாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குளிர் அறை உண்டு. அதில் மேல் தட்டுகளில் அன்றன்றைக்கு வேண்டிய சரக்கு. அடித்தட்டில் மட்டும் வெள்ளை டப்பாக்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு துண்டு டேப், டேப்பின் மேல் கறுப்பு மார்க்கரில் இங்கிலீஷில் ஒரே வார்த்தை. லெஃப்ட்ஓவர். எழுத்து மேடத்தின் எழுத்து. அவள் பயிற்சிக்குப் போனபோது அந்த வார்த்தைக்கே ஒரு வகுப்பு நடத்தினார்கள். தட்டுக்குப் போய்த் திரும்பியது வேஸ்ட், அதை அப்போதே கொட்டிவிட வேண்டும். சமைத்துப் பரிமாறாமல் நின்று, ஆற வைத்துக் குளிரில் வைத்ததுதான் லெஃப்ட்ஓவர். அதை வேலை செய்கிறவர்கள் சூடாக்கிச் சாப்பிடலாம். பேஷண்ட்டின் வாய்க்குப் போகவே கூடாது.

தமிழில் நாம் மிச்சம் என்போம், மீதி என்போம், பொழுது விடிந்துவிட்டால் பழசு என்று பட்டென்று போட்டு உடைத்துவிடுவோம். மேடத்துக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. பழசு என்று சொன்னால் முகம் சுளிக்கிற ஆள், லெஃப்ட்ஓவர் என்று எழுதி வைத்தால் ஏதோ ஒரு பதார்த்தத்தின் பெயர் என்பதுபோல எடுத்துச் சாப்பிட்டுவிடுவான். யாருக்கும் மனசு கோணாது. அந்த வசதியை அவள் வீட்டுக்கும் கொண்டு வந்தாள். வீட்டு ஃபிரிஜ்ஜின் அடித்தட்டிலும் ஒரு வெள்ளை டப்பா, மூடியில் அதே டேப், அதே மார்க்கர்.

பெரியக்கா இரண்டு பைகளோடு வாசலில் வந்து நின்ற அன்று வீட்டில் சமையல் முடிந்து பாத்திரம் கழுவியாகிவிட்டது. அவள் அன்றைக்கே வருவாள் என்று தம்பி சொல்லவில்லை. மேடம் அவசரமாக ஃபிரிஜ்ஜைத் திறந்து டப்பாவை எடுத்துச் சூடாக்கினாள். தமிழ்ப் பத்திரிகை என்றால் அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிடுகிற பெரியக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து பிடிபடாது. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்து, இதில் என்னம்மா எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறவளிடம் நேற்றைய மிச்சம் என்று எப்படிச் சொல்வது? மேடத்தின் வாயில் அந்த நிமிஷத்தில் வந்தது வேறு.

"உங்களுக்குன்னு எடுத்து வச்சது அண்ணி."

பெரியக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வருவேன் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் மேடம். ஒரு பொய்க்கு இன்னொன்று துணைக்கு வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் சரி. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, பெரியக்கா தானாகவே அந்த எழுத்துள்ள டப்பாவைத் தேடி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வீட்டில் எதுவும் வீணாவதில்லை. மேடத்துக்கு அது சௌகரியமாகப் போய்விட்டது. முதலில் மிஞ்சியதை டப்பாவில் போட்டாள். பிறகு மிஞ்சும்படி சமைத்தாள். கணவன் அதற்கு 'அக்கா டப்பா' என்று பெயரே வைத்துவிட்டான். தனக்கென்று ஒருத்தி தினமும் எடுத்து வைக்கிறாள் என்று பெரியக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மேடத்துக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அந்த நாளை வரவே இல்லை.

இன்றைக்குக் காலை தக்காளி நன்றாகத்தான் வந்தது. மேடம் நிம்மதியாக டயட்டீஷியனோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியக்கா சூப் வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனதையும், கடைசி அறையில் ஒரு கிண்ணம் அப்படியே திரும்பியதையும், அவள் மறுபடி கீழே இறங்கிக் குளிர் அறைக்குள் நுழைந்ததையும் கவனிக்க யாருமில்லை.

மத்தியானம் ஹெட் நர்ஸ் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். கடைசி அறைப் பெரியவர் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போயிருக்கிறார். டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். ஆபரேஷன் ஆன வயிற்றுக்குக் கஞ்சித் தண்ணீரும் சூப்பும்தான் என்று எழுதிக் கொடுத்திருக்க, எடுத்த வாந்தியில் காரம் போட்ட கோழித் துண்டுகள். இன்றைய சமையலில் கோழியே இல்லை.

மேடம் குளிர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கோழி நேற்று. அடித்தட்டு.

மேனேஜர் சத்தம் போடுகிற ஆள் அல்ல. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் அறைக்குள் பெரியக்காவும் மேடமும் போனபோது துடைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் காலி டப்பா. மூடியில் டேப் இல்லை, ஒட்டியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெரியக்கா தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பெரியவர் பிழைத்துக்கொள்வாரா என்பதுதான் அவள் முதல் கேள்வி. பிழைத்துக்கொள்வார், ஆனால் நாளைக் காலைவரை கவனித்துப் பார்க்க வேண்டும் என்றார் மேனேஜர். வெளியூரிலிருந்து அவருடைய மகனும் காலையில் வருகிறாராம். அவர் புகார் கொடுத்தால் விஷயம் பெரிதாகும்.

பிறகு அவர் டப்பாவைத் தொட்டுக் காட்டி, இதைப் போய் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"அவர் எதையும் தொடல சார். பாவமா இருந்துச்சு. அதான் இது குடுத்தா சாப்பிடுவார்னு..."

"இது குடுத்தா?"

"எழுதியிருந்துச்சே சார். ஒருத்தருக்குன்னே எடுத்து வச்சதுன்னு."

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது புரியவே இல்லை. மேடத்துக்குப் புரிந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"அதுல லெஃப்ட்ஓவர்னு எழுதியிருக்கும்மா. மிச்சம். நேத்தைய பழசு. பேஷண்ட்டுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் எழுதி வைக்கறதே. எடுத்து வச்சதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் மேனேஜர்.

பெரியக்கா டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சம் என்று உதடு அசைந்தது. இப்போது திரும்புவாள், இப்போது என்னைப் பார்ப்பாள் என்று மேடம் காத்திருந்தாள். பெரியக்கா திரும்பவில்லை. அவள் ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட மேடத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாரும் சொல்லல சார். நானா நெனச்சிக்கிட்டேன்."

மேனேஜர் மேடத்தின் பக்கம் திரும்பினார். நீங்கள் கொண்டு வந்து சேர்த்த ஆள்தானே, அடித்தட்டு டப்பாவைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தீர்களா இல்லையா என்று கேட்டார். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் முதல் நாளே சொல்கிற விஷயம்தான். அண்ணியிடம் மட்டும் அந்த வார்த்தையை எடுக்க நாக்கு எழும்பவில்லை. எடுத்தால் வீட்டு ஃபிரிஜ்ஜும் கூடவே வந்துவிடுமே என்று பயந்து, அந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதித்துப் போயிருந்தாள். தனியாகவா எல்லாம் செய்யப் போகிறாள், பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தேன் சார்," என்றாள் மேடம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா முந்திவிட்டாள்.

"சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன்."

நாளைக் காலை முடிவு சொல்வதாகவும், அதுவரை வீட்டில் இருக்கும்படியும் சொல்லிப் பெரியக்காவை அனுப்பிவிட்டார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின் வாசல் வழியாகப் போவதை மேடம் ஜன்னலில் நின்று பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முன் வாசல் வழியாக, வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு வந்து போனவள். வேலை போனால் அவள் திரும்பிப் போகிற இடம் வீட்டுச் சமையலறையும் மொட்டை மாடியும்தான். அவளுக்கு வெளியுலகக் கதவைத் திறந்துவிட்டதும் நான், சாத்துவதும் நான் என்று மேடத்துக்குத் தோன்றியது. வேலை ஓடவில்லை.

சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்ததும் அவள் நேராக வெளியே போகாமல் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். கடைசி அறையில் பெரியவர் விழித்துத்தான் இருந்தார். கையில் டிரிப் ஊசி. முகம் வெளுத்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. கட்டிலை ஒட்டிய சின்ன மேஜையின் விளிம்பில் ஒரு துண்டு டேப்பை யாரோ பதனமாக ஒட்டி வைத்திருந்தார்கள். கறுப்பு மார்க்கர், அவளுடைய எழுத்து.

அந்த அம்மா எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்டார். வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள் மேடம். என்னாலா என்றார். மன்னிப்புக் கேட்க வந்தவள் வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்க, அவரே அந்த டேப்பை விரலால் தடவிக்கொண்டு பேசினார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா. வேலை பாத்ததெல்லாம் இங்கிலீஷ்லதான். என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டுத்தான் சாப்பிட்டேன்."

மேடம் அவரையே பார்த்தாள்.

"உங்களுக்குன்னே எடுத்து வச்சதுன்னு சொல்லி, பாருங்க எழுதியிருக்குன்னு காட்டினாங்க. எனக்குன்னு ஒருத்தர் எடுத்து வச்சு எத்தனையோ காலமாச்சு. அந்த முகத்தப் பாத்துட்டு இது மிச்சம்மான்னு எப்படிச் சொல்றது? அவங்களுக்குத் தெரிய வேணாம். சொல்லிடாதீங்க."

அவர் அதோடு நிற்கவில்லை. நாளைக்கு மகன் வந்ததும், கோழி வேண்டும் என்று தானே அடம்பிடித்துக் கேட்டு வாங்கியதாகச் சொல்லிவிடுவாராம். அந்த அம்மாவின் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வாராம். நீங்கள் எதுவும் பேச வேண்டாம் என்று மேடத்துக்குத் தைரியம் வேறு சொன்னார்.

மேடத்துக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைக்க முடியாது. அண்ணிக்கு வேலை போகாது, தன் பொய்யும் வெளியே வராது, எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். படி இறங்கும்போதுதான், அந்த அப்பாடாவை நினைத்து அவளுக்கே கூசியது. சாகக் கிடந்தவரும் வேலையைப் பறிகொடுக்க நிற்பவளும் ஆளுக்கொரு பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். நடுவில் நான் மட்டும் கை அலம்பிக்கொண்டு பஸ் ஏறப் போகிறேனா என்று கேட்டுக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறத்தான் செய்தாள்.

வீட்டில் பெரியக்கா ஏப்ரனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தொப்பியோடு சேர்த்து மேஜை மேல் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் கத்தியை வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. நான் வந்த அன்னைக்குக் குடுத்தியே, அதுவும் மிச்சந்தானா?"

"ஆமா அண்ணி."

"அப்புறம் தெனமும்?"

மேடம் ஆமென்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தான் அழுவதுகூட அநியாயம் என்று அதை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள்.

பெரியக்கா பீன்ஸை ஒதுக்கிவிட்டு கையைத் துடைத்துக்கொண்டாள். பழசு சாப்பிடுவது அவளுக்கொன்றும் புதிதில்லையாம். அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அவர் சாப்பிட்டு மிச்சம் வைத்ததுதான் அவளுக்குச் சாப்பாடு. இந்த வீட்டுக்கு வந்துதான் அது மாறியதாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"ஒரு நாள்கூட நான் மிச்சம்னு நெனச்சுச் சாப்பிடலம்மா. அதனாலயோ என்னவோ, அத்தன ருசியா இருந்துச்சு."

இதற்குத் திட்டியிருக்கலாம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாளைக்கு முதல் வேலையாக மேனேஜரிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றாள். உன் வேலை போய்விடுமே என்றாள் பெரியக்கா. போகட்டும் என்று மேடம் சொன்னாள். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. காலையில் அந்த அறை வாசலில் நிற்கும்போதும் இதே வாய் இருக்குமா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

பெரியக்கா அதைப் பற்றி மேலே பேசவில்லை. அவளுக்கு வேறு இரண்டு கவலைகள் இருந்தன.

"அந்தப் பெரியவர்கிட்ட மட்டும் அது மிச்சம்னு சொல்லிடாதம்மா. வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, போகட்டும். அவருக்குத் தெரிய வேணாம்."

அங்கே அவர் கேட்டதும் இதே. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொன்னால் இரண்டு பேர் கேட்டுக்கொண்டதும் பாழாகிவிடும். சரி அண்ணி என்று மட்டும் சொன்னாள்.

"இன்னொண்ணு. தம்பிக்கும் தெரிய வேணாம். அக்கா டப்பா அக்கா டப்பான்னு ஆசையாச் சொல்லுவான். இத்தன நாளா நமக்கு மிஞ்சினதத்தான் அக்காவுக்குப் போட்டிருக்கோம்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். நீ மனசுல வச்சுக்க."

அதற்கும் மேடம் சரி என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். இன்றைக்கு அளந்து, சிந்தாமல் சிதறாமல், மூன்று பேருக்கு மட்டும் சமைத்தாள். முதல் தட்டில் ஆவி பறக்கச் சோற்றைப் போட்டு, பீன்ஸைக் குவித்து, பெரியக்காவின் கையில் கொடுத்தாள். தம்பி வரட்டும் என்றாள் பெரியக்கா. வேண்டாம், நீங்கள்தான் முதலில் என்று மேடம் பிடிவாதமாக நின்றாள். பெரியக்கா அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் சூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கணவன் வந்தான். நாள் முழுக்க எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு, நல்ல பசியோடு வந்தான். பையைக் கீழே போட்டான். அக்காவின் முதல் தனி நாள் எப்படி என்று கேட்டுக்கொண்டே, தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிஜ்ஜைத் திறந்தான். குனிந்து அடித்தட்டைப் பார்த்தான். நேற்றைய டப்பா கழுவி மூடி வைத்தபடி காலியாக இருந்தது. கையில் எடுத்துத் திருப்பினான்.

"என்ன மேடம், வெளிய லெஃப்ட்ஓவர்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்க, உள்ள ஒண்ணுமே காணோம்? அக்காவுக்கு இன்னைக்கு எதப் போடறதாம்?"

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். மனசில் ஒரு துளி கல்மிஷம் கிடையாது.

மேடம் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பெரியக்கா மெதுவாக நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவன் இங்கிலீஷ் பாடம் படிக்க, அவனுக்காக விளக்கைத் துடைத்து வைத்தவளே அவள்தான். தம்பிக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

மடியிலிருந்த தட்டை அவள் தரையில் இறக்கி வைத்தாள். ஆவி இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தது.